அண்ணன் அடுக்கிய கல்

அன்றைக்குக் கோட்டைக்குப் போனவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி கலா. எங்கள் மகள் யாழினி, பதினொரு வயது, எங்கள் வீட்டில் ஜெர்மன் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என் அண்ணன் தேசிங்கு, எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர், ஊரிலிருந்து இரண்டு வாரத்துக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரம்மா ஃப்ராவ் கெல்லர், எழுபதைத் தாண்டியவர், இரண்டு கையிலும் குச்சி ஊன்றி நடப்பவர், ஆனால் மலை ஏறும்போது எங்கள் எல்லோருக்கும் முன்னால் போனவர். அப்புறம் அவருடைய நாய் புருனோ. அண்ணி சரசு வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினால் வீட்டுக்கு ஆள் இல்லை என்று, வடசென்னையில் கடலோரத்து எங்கள் ஊர் எர்ணாவூரிலேயே நின்றுவிட்டார். அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் இருப்பது ரைன் என்ற ஆற்றின் கரையில் ஒரு சின்ன ஊர். இந்திய ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. எட்டாவது வரை படித்தவன். வந்த புதிதில் எனக்குப் புரியாமல் போனது ஒன்று. எங்கள் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை. மலைமேல் ஒரு இடிந்த கோட்டை. பொழுது சாய்ந்ததும் அந்தக் கோட்டைக்கு விளக்குப் போடுவார்கள். கீழேயிருந்து மஞ்சள் வெளிச்சம் அடிக்கும். உள்ளே யாரும் இல்லை. கூரையும் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு லைட் என்று கூட வேலை செய்கிற பஞ்சாபிக்காரரிடம் கேட்டேன். "டூரிஸ்ட்" என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் தினமும் பாத்திரம் அடுக்கும்போது அது கண்ணில் படும். எங்கள் குப்பத்தில் ஆள் இருக்கிற வீட்டிலேயே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இங்கே செத்துப்போன வீட்டுக்கு நாள் தவறாமல் விளக்கு. குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டையில் பெரிய கூடம் ஒன்று இருந்திருக்கிறது. ஆற்றைப் பார்த்த சுவர் மட்டும் விழுந்துவிட்டது. அதனால் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் உள்பக்கம் அப்படியே தெரியும். முதல் ஆறு வருஷம் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஏழாவது வருஷம் எங்கள் வீடும் அதே மாதிரி ஆன பிறகு, அந்த ஜன்னலைத் திறப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

எங்கள் வீடு எண்ணூர் ரோட்டுக்குக் கிழக்கே. அப்பா கம்பெனி வேலையில் இருந்தபோது கட்டினது. அப்போது கடல் தூரத்தில் இருந்தது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெரு, ஒரு அம்மன் கோயில், வலை காயப்போடுகிற மணல். ஒவ்வொன்றாகப் போனது. முதலில் மணல் போனது. அப்புறம் ஒரு தெரு. கோயிலை மூன்று தடவை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அரசாங்கத்தில் பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டின இடத்தில் கடல் நின்றது. கொட்டாத இடத்தில் உள்ளே வந்தது. அதிலிருந்து எங்கள் குப்பத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். எங்கே கல் கிடந்தாலும் எடுத்து வந்து கடல் பக்கச் சுவரடியில் அடுக்குவார்கள். இடித்த கட்டடத்துக் கட்டி, உடைந்த பிளாட்பாரக் கல், லாரியிலிருந்து விழுந்த கருங்கல், எதையும் விடுவதில்லை. வண்ணாரப்பேட்டையில் கல்யாணத்துக்குப் போய்விட்டு, பட்டுப்புடவையோடு பஸ்ஸில் ஒரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்த பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

போன வருஷப் புயலில் எங்கள் கடல் பக்கச் சுவர் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. லீவு கேட்டு ஓடினேன். அண்ணனும் நானும் விழுந்த கட்டிகளை அலைக்குள்ளிருந்து இழுத்து மேலே போட்டோம். அண்ணன் நாலாவது பக்கத்துக்கு லாரி தார்ப்பாயைக் கட்டிவிட்டு, அண்ணியோடு உள்ளேயே இருந்துவிட்டார். நான் திரும்பி வரும்போது எங்கள் சிவப்புத் தரையில் பெயர்ந்த ஒரு துண்டைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. இங்கே பால்கனியில் கருவாட்டு டப்பா மேல் வெயிட்டாக வைத்திருக்கிறேன். மூடி தூக்கிக்கொண்டால் ஃப்ராவ் கெல்லர் வீடு வரைக்கும் வாசம் போகும்.

விம்கோ நகரில், மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வாடகை வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். அண்ணன் போகவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைக் கடல் எடுக்கப்போகிறது என்று தெரிந்தால், முதலில் நிலைக்கதவைக் கழற்றுவார்கள். மஞ்சள் குங்குமம் வைத்த நிலை. அதைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிவிட்டால் அந்த வீடு முடிந்தது. அப்புறம் ஜன்னல், ஓடு, ஆணி எதை யார் பிடுங்கினாலும் கேள்வி கிடையாது. நிலை நிற்கிற வரைக்கும் அது வீடு. போனில் எத்தனையோ தடவை சொன்னேன். அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"நெலைய கயட்டச் சொல்றியா? அப்பன் வச்ச நெல. நீ அங்க குந்திகினு சுளுவா சொல்லுவ."

"மழைக்கு முன்னாடி போய்டுண்ணா. மூணு செவுரு எத்தினி நாளைக்கி நிக்கும்?"

"நிக்கிற வரிக்கும் நிக்கும். போன வையி."

போனில் முடியாததை நேரில் முடிப்பது என்று டிக்கெட் அனுப்பி வரவழைத்தேன். ஐப்பசி பிறப்பதற்குள் அவர் வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த புயலில் சுவர் அவர்கள் மேலேயே விழும். எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை. கோட்டைக்குக் கூட்டிப் போவது என்று நினைத்ததும் அதற்காகத்தான். ராஜா கட்டினதே இப்படி ஆகும் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

வந்த அன்றே பால்கனியில் அந்தத் தரைத் துண்டைப் பார்த்துவிட்டார். "டேய், இது நம்ம வூட்டுத் தரைடா" என்றார். ஆமாம் என்றேன். "இங்க இன்னா பண்ணுது?" "கருவாட்டு மேல வெயிட்டு." கையில் எடுத்துப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை எங்கள் ஓட்டலுக்கு விடுமுறை. அதை இங்கே ரூஹடாக் என்பார்கள், ஓய்வு நாள். யாழினிக்கு இலையுதிர்கால லீவு. முதலில் படகில் ஒரு சுற்று, அப்புறம் எதிர்க்கரையில் இறங்கிக் கோட்டைக்கு ஏறுவது என்று ஃப்ராவ் கெல்லர் திட்டம் போட்டிருந்தார். இரண்டு கரையிலும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், இலை மஞ்சளாகியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பஸ் ஸ்டாப்பு மாதிரி பக்கத்துல பக்கத்துல கோட்டை? இந்தூர்ல அல்லாருமே ராஜாவா?"

யாழினி ஃப்ராவ் கெல்லரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "ராஜா இல்லையாம் பெரிப்பா. ஆத்துக்குக் குறுக்க சங்கிலி போட்டு, போற வர்ற படகுகிட்டல்லாம் துட்டு வாங்கினவங்களாம்."

"அப்ப கோட்டைன்னு சொல்லாத. டோல்கேட்டுன்னு சொல்லு."

கலா சிரித்தாள். "உங்க லாரிய இங்கயும் நிறுத்திடுவாங்க போல மாமா."

"எனுக்கு எங்க போனாலும் அதே பேஜாருதாம்மா. அங்க கன்டெய்னர் க்யூ, இங்க சங்கிலி. ஆனா ஒன்னு, அவன் கோட்டை கட்டிகினு வாங்கியிருக்கான். நம்மாளு தகரக் கொட்டாயிலயே வாங்கிடறான்."

ஃப்ராவ் கெல்லருக்கு யாழினி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் குச்சியைப் பலகையில் தட்டிச் சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கரையோரம் வீடுகளின் சுவரில் கோடு கோடாகப் போட்டு வருஷம் எழுதியிருப்பதைக் காட்டினார். எந்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்ற அடையாளம். ஒரு கோடு வாசக்காலுக்கு மேலே இருந்தது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "தண்ணி வூட்டுக்குள்ள வந்தப்புறமும் ஜனம் போவலியா?"

"இல்லையாம். கீழ் ரூம்ல நல்ல சாமான் வைக்க மாட்டாங்களாம், அவ்ளோதான்" என்றாள் யாழினி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். மகள் மொழிபெயர்க்கும்போது நடுவில் புகுந்து தடுக்க எனக்கு வழியில்லை.

கோட்டைக்கு ஏறுகிற பாதை செங்குத்து. அண்ணன் லாரி சீட்டிலேயே வாழ்கிறவர், மூச்சு வாங்கியது. உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. மேலே போனதும் கூடத்தின் நடுவில் போய் நின்றார். மூன்று பக்கம் சுவர், வானம் வரைக்கும். நாலாவது பக்கம் ஒன்றுமில்லை, காற்று. கீழே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஓட்டல் ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது. நான் பல நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாத்துக்கோண்ணா. எம்மாம் பெரிய ஆளு கட்டினது. கடைசில இன்னா ஆச்சி? மூணு செவுரு."

"ம்."

"இது கருங்கல்லு. நம்மளுது செங்கல்லு."

"ம்."

"வுட்டுட்டு வந்துடுண்ணா."

அண்ணன் வாசல் பக்கம் நடந்தார். கதவு இல்லை. ஆனால் கல்லில் செதுக்கிய வாசக்கால் அப்படியே நின்றது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நெலைய கயட்டல" என்றார். அவ்வளவுதான்.

சுவருக்கு மறுபக்கம் புல் தரையில் கலா பெட்ஷீட் விரித்தாள். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு, மசால் வடை. ஃப்ராவ் கெல்லர் ஆப்பிள் கேக் கொண்டுவந்திருந்தார். இந்த ஊரில் ஆளாளுக்கு அவரவர் சாப்பாட்டை எடுத்து வந்து அவரவர் சாப்பிடுவார்கள். அவர் எங்கள் வடையை முதலில் பார்த்துக்கொண்டே இருந்தார். கலா தட்டில் வைத்த பிறகு நான்கு சாப்பிட்டார். அண்ணன் வேகமாகச் சாப்பிட்டு, கை கழுவி, சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். எங்கேயோ கல்லோடு கல் மோதுகிற சத்தம் கேட்டது. எனக்கு அது சத்தமாகவே படவில்லை. குப்பத்தில் எந்த நேரமும் கேட்கிற சத்தம். புருனோதான் முதலில் குரைத்தது.

அப்புறம் "ஹால்ட்!" என்று ஒரு குரல். ஓடினோம்.

கூடத்தின் திறந்த பக்கத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது, முழங்கால் உயரம். இங்கே அப்படிக் கயிறு கட்டினால் தாண்டக்கூடாது என்று பொருள். எங்கள் ஊரில் கயிறு என்றால் துணி காயப்போட. அண்ணன் தாண்டியிருந்தார். புல்லில் வரிசை வரிசையாகக் கிடந்த கற்களை எடுத்து, இடிந்த சுவரின் அடியில் ஆற்றைப் பார்த்து அரைவட்டமாக அடுக்கியிருந்தார். கீழே பெரிசு, மேலே சிறிசு, சந்தில் பொடிக்கல் திணித்து. எங்கள் வீட்டுக் கடல் பக்கம் அச்சாக இப்படித்தான் இருக்கும். தாடி வைத்த பெரியவர் ஒருவர் அவருக்கு எதிரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கோட்டையைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிற ஊர்ச் சங்கத்தில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. முகம் தக்காளி மாதிரி ஆகியிருந்தது. ஏன், ஏன் என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது சமையல்கட்டு ஜெர்மன். உப்பு, சூடு, சீக்கிரம், நாலாம் டேபிள். கல் தெரியும். கடல் தெரியும், மீன் பெட்டியில் எழுதியிருக்கும். அதை வைத்து, "தாஸ் மேர் கொம்ட்" என்றேன். கடல் வருகிறது என்று பொருள்.

அவர் மலைக்குக் கீழே ஆற்றைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது ரைன், கடல் இல்லை. எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் இந்த உயரத்துக்கு வராது. பயப்படாதீர்கள். அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை.

அண்ணன் கையில் ஒரு கல்லோடு என் காதில் கேட்டார். "இன்னாவாம்? சரியா குந்த வைக்கலன்றாரா? ஜோராதான வச்சிகீறேன்?"

"தொடக் கூடாதாம்ணா."

"ஏன்? சும்மாதான கெடக்குது?"

யாழினி வந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அவளாகவே அந்தப் பெரியவரிடம் பேச ஆரம்பித்தாள். வெகு நேரம் பேசினாள். நடுவில் எர்ணாவூர் என்ற பெயர் வந்தது. சரசுப் பெரியம்மா பெயர் வந்தது. கையால் அலை மாதிரி காட்டினாள். சுவர் விழுவதைக் காட்டினாள். இந்தப் பேச்செல்லாம் நான் போனில் அண்ணனோடு பேசியவை. அவள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். ஃப்ராவ் கெல்லர் குச்சியை ஊன்றி நின்று முழுதும் கேட்டார். ஏழு வருஷம் அவர் வீட்டில் குடியிருக்கிறேன். எங்களுக்கு ஊரில் ஒரு வீடு இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

தாடிக்காரர் குனிந்து ஒரு கல்லைத் திருப்பினார். அடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். இன்னொன்றைத் திருப்பினார். அதிலும் நம்பர். விழுந்த சுவரின் கற்களைச் சரிவிலிருந்து ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, எது எங்கே இருந்தது என்று பார்த்து, நம்பர் போட்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். அண்ணன் நாலு வரிசையைக் கலைத்துவிட்டார்.

யாழினி சொன்னதும் அண்ணன் கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் கெடுத்துட்டனா?"

"ஆமா பெரிப்பா."

ஸ்வெட்டரைக் கழற்றிச் சுவர் மேல் போட்டார். "எங்க எது போவணும்னு அவர சொல்லச் சொல்லு. நானே வைக்கிறேன். வச்சிட்டுதான் எறங்குவேன்."

பெரியவர் வேண்டாம், சங்கத்து ஆட்கள் சனிக்கிழமை வருவார்கள் என்றார். அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. அடுக்கினதைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரியவர் கொட்டகைக்குப் போய், படம் வரைந்த பெரிய தாளைக் கொண்டுவந்தார். அவர் நம்பரைச் சொல்வார். யாழினி தமிழில் கூவுவாள். அண்ணனும் நானும் தேடித் தூக்குவோம். கலா சின்னக் கல்லாகப் பொறுக்கிக் கொடுத்தாள். பெரிய கல்லுக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்தோம். புயலுக்கு மறுநாள் அலைக்குள் நின்று இப்படித்தான் பிடித்தோம்.

பாதி வேலையில் அண்ணன் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இந்தச் செவுர எப்ப கட்டுவாங்களாம், கேளு."

யாழினி கேட்டாள். பெரியவர் தோளைத் தூக்கினார். அவர் அப்பா காலத்திலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்களாம். அவர் காலத்தில் நடக்காதாம்.

"அப்ப நம்பரு எதுக்காம்?"

அதற்குப் பெரியவர் சொன்னதை யாழினி இரண்டு தடவை கேட்டு, யோசித்துச் சொன்னாள். "நம்பர் இருந்தா அது படுத்துக்கினு இருக்கிற சுவராம் பெரிப்பா. நம்பர் இல்லன்னா வெறும் கல்லாம்."

அண்ணன் குனிந்து அடுத்த கல்லைத் தூக்கினார்.

முடித்தபோது வெயில் ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கத்து மலைக்குப் போய்விட்டது. பெரியவர் தாளைப் பார்த்து வரிசையைச் சரிபார்த்து, அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது என்ன பெயின்ட், மழையில் போகாதா? பெரியவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் பேனா ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது கலா, "மாமா, டோல்கேட்டுல துட்டு கட்டாம பொருளும் வாங்கிட்டு வந்துட்டீங்க" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அவர் கிளம்புகிற வரைக்கும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பிராங்ஃபர்ட் ஏர்போர்ட்டில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "வூட்டுக்குப் போயி சொல்றேன்" என்றார். என் காரியம் தோற்றுவிட்டது என்று நினைத்தேன். ஒரு மனுஷனைப் பயமுறுத்தக் கூட்டிப் போன இடம் அவருக்குத் தைரியம் கொடுத்து அனுப்பிவிட்டது. இந்த நாட்டுக்காரர்களுக்கு நேரம் இருக்கிறது. அவர்களுடைய ஆற்றில் வெள்ளம் வருகிறது, போகிறது. எங்கள் கடல் வந்தால் போவதில்லை. அந்த வித்தியாசத்தை அண்ணனுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் அண்ணி வீடியோவில் கூப்பிட்டார். "உங்க அண்ணாத்தைய பாரு, அங்க போயி இன்னாத்த கத்துகினு வந்தாரோ" என்று போனைத் திருப்பினார். அண்ணன் தார்ப்பாய்க்கு வெளியே குந்தியிருந்தார். புயலில் விழுந்து நாங்கள் இழுத்துப் போட்ட செங்கல் கட்டிகள், அதற்கு முன்னால் அவரே வருஷக்கணக்காகச் சேர்த்து அடுக்கிய கல், எல்லாவற்றையும் பரப்பி, துடைத்து, நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி நாலு பேர் வேடிக்கை. ஒருவர் குரல் கேட்டது.

"இன்னா தேசிங்கு, செங்கல்லுக்கு ரேஷன் டோக்கனா குடுக்கற?"

"எங்க வூடு படுக்கப் போவுது நைனா. அப்பால எழுப்பறதுக்கு அட்ரசு வேணாமா?"

"எழுப்பி எங்க கட்டுவ? தண்ணிலயா?"

"அத்த அப்பால பாத்துக்கலாம். ஜெர்மன்காரனே அப்பன் காலத்துலருந்து அப்பால பாத்துக்கலாம்னுதான் குந்திகினு கீறான். எனுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

சமையல்கட்டில் நின்றுகொண்டு பார்த்தேன். பேனா தீர்ந்து, அண்ணன் பெயின்ட் டப்பாவுக்கும் பிரஷ்ஷுக்கும் மாறியிருந்தார்.

மழை பிடிப்பதற்கு முன்னால் போய்விட்டார்கள். தோஸ்து ஒருவரின் மினி லாரியில் மூன்று நடை. விம்கோ நகர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கட்டிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். இதெல்லாம் எதற்கு என்று அந்த வீட்டுக்காரர் கேட்டதற்கு, செவுரு என்று பதில் சொல்லியிருக்கிறார். நிலையைக் கடைசியாகத்தான் கழற்றினாராம். கழற்றுவதற்கு முன்னால் அதற்கும் நம்பர் போட்டாராம். வண்டியில் ஏற்றும்போது வழக்கப்படி பக்கத்து ஆட்கள் ஜன்னலைப் பிடுங்க வந்திருக்கிறார்கள். நிலை மேலிருந்த நம்பரைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்களாம். அண்ணி சொன்னார். எங்கள் குப்பத்தில் நிலை போன வீட்டில் கை வைக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. மூன்று சுவரும் அங்கேயே நிற்கிறது. அடுத்து எது விழுந்தாலும் போய்ப் பொறுக்கி வருவதாக அண்ணன் சொல்கிறார். நம்பருக்கு என்ன பஞ்சமா என்கிறார்.

இப்போது நான் திங்கட்கிழமைகளில் கோட்டைக்கு ஏறுகிறேன். பெரியவரோடு சரிவில் இறங்கிக் கல் தேடுகிறேன். சம்பளம் இல்லை. கூலி இல்லாமல் கல் தூக்குகிறாயா என்று பஞ்சாபிக்காரர் சிரிக்கிறார். அவருக்குச் சொல்லி விளங்கவைக்க என்னிடம் இந்தி போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். விம்கோ நகரில் மழை பெய்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"அல்லாத்துக்கும் போட்டாச்சிடா. ஒன்னுதான் கொறையுது."

"எது?"

"உன் கருவாட்டு மேல கீதே, அது. நெலைக்கு அடுத்த நம்பரு. எய்துக்கோ."

பால்கனிக்குப் போனேன். தரைத் துண்டை எடுத்துக் கழுவித் துடைத்தேன். ஓட்டலில் மசாலா டப்பாவுக்குத் தேதி எழுதுகிற மார்க்கர் சட்டைப் பையில் இருந்தது. எதிர்க்கரையில் கோட்டைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணன் நம்பரைச் சொன்னார். எழுதினேன். காய்ந்ததும், எழுத்து மேல் பக்கம் இருக்கும்படி டப்பா மேலேயே திரும்ப வைத்தேன்.

இருநூற்றுப் பதினான்கு.